ஒரு நிமிடம் மட்டுமே தங்கிய ஹோஸ்ட்

விசென்டர் சர்வரை (விஎம்வேர் ஹோஸ்ட்களை ஒரே இடத்திலிருந்து நிர்வகிப்பது) வேறு நெட்வொர்க்குக்கு மாற்றிப் புது ஐபி முகவரி கொடுத்தோம். அன்று மாலையே எங்கள் ஆறு இஎஸ்எக்ஸ்ஐ ஹோஸ்ட்களும், அதாவது விர்ச்சுவல் மெஷின்களை ஓட்டும் சர்வர்களும், 'நாட் ரெஸ்பாண்டிங்' என்று காட்ட ஆரம்பித்துவிட்டன. விர்ச்சுவல் மெஷின்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, அவை ஹோஸ்டிலேயே ஓடுபவை, விசென்டர் இல்லாவிட்டாலும் ஓடும். ஆனால் ஓடும் மெஷினை நிறுத்தாமல் வேறு ஹோஸ்டுக்கு நகர்த்தும் விமோஷன் கிடையாது, விசென்டர் வழியாக எடுக்கும் பேக்கப்பும் கிடையாது. அன்று இரவு பேக்கப் ஓடியே ஆக வேண்டும் என்பதுதான் என் கவலை.

ஹோஸ்டின் மேல் ரைட் கிளிக் செய்து கனெக்ட் கொடுத்தால் உடனே இணைந்துவிடும். அப்பாடா என்று அடுத்ததற்குப் போவதற்குள் முதலாவது விழுந்திருக்கும். பாஸ்வேர்டா, சான்றிதழா, டிஎன்எஸ்ஸா, கடிகார நேரமா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன், எல்லாம் சரியாகவே இருந்தன. பிங் போகிறது, விசென்டரிலிருந்து டிசிபி போர்ட்கள் 443, 902 இரண்டும் திறக்கின்றன. எஸ்எஸ்ஹெச் வழியாக உள்ளே போய் ஹோஸ்டின் நிர்வாக வேலையைப் பார்க்கும் ஹோஸ்ட்டி, விபிஎக்ஸ்ஏ ஏஜென்ட்கள் இரண்டையும் ரீஸ்டார்ட் செய்தேன், அப்போதும் அதே நிலைமைதான்.

ஹோஸ்டையே ரீபூட் செய்துவிடலாம் என்றார் உடன் வேலை செய்பவர் ஒருவர். விசென்டர் இல்லாமல் மெஷின்களை வேறு ஹோஸ்டுக்கு நகர்த்த வழியில்லை, அப்படியென்றால் அத்தனையையும் நிறுத்த வேண்டும், வேண்டாம் என்றேன். இன்னொருவர் ஹோஸ்டை இன்வென்டரியிலிருந்து ரிமூவ் செய்து திரும்பச் சேர்க்கலாம் என்றார். இதைத் தயவுசெய்து முதல் வைத்தியமாகச் செய்யாதீர்கள். டிஸ்கனெக்ட் செய்தால் ஹோஸ்ட் பட்டியலிலேயே இருக்கும். ரிமூவ் செய்தால் அதற்குக் கொடுத்திருந்த அனுமதிகளும் பழைய பெர்ஃபார்மன்ஸ் விவரங்களும் போய்விடும்.

அப்புறம்தான் கடிகாரத்தைப் பார்த்தேன். இணைந்து ஏறக்குறைய ஒரு நிமிடம், ஒவ்வொரு முறையும், எந்த ஹோஸ்டாக இருந்தாலும். பாஸ்வேர்டு தவறு என்றால் இணையவே விட்டிருக்காதே! இணைந்தபின் ஒரே கால அளவில் விழுகிறது என்றால் யாரோ எதற்கோ காத்திருந்து, அது வராததால் கைவிடுகிறார்கள். அந்த 'எது' ஹார்ட்பீட். ஹோஸ்ட் 10 விநாடிக்கு ஒருமுறை 'நான் இருக்கிறேன்' என்று விசென்டருக்கு யுடிபி (டிசிபி போல இன்னொரு நெட்வொர்க் நெறிமுறை) 902-இல் ஒரு சிறு பாக்கெட் அனுப்பும், 60 விநாடி வரை ஒன்றுமே வரவில்லை என்றால் விசென்டர் அதை 'நாட் ரெஸ்பாண்டிங்' என்று குறித்துவிடும். நான் அதுவரை சோதித்ததெல்லாம் விசென்டரிலிருந்து ஹோஸ்டுக்கு, அதுவும் டிசிபி. ஹார்ட்பீட்டோ எதிர்த்திசையில், யுடிபியில் போகிறது.

ஹோஸ்டில் பாக்கெட்களைப் பதிவுசெய்து காட்டும் டிசிபிடம்ப் கட்டளையைப் போட்டு, அதன் நிர்வாக நெட்வொர்க் இடைமுகமான விஎம்கே0 வழியாக யுடிபி 902-இல் என்ன வெளியேறுகிறது என்று பார்த்தேன். பாக்கெட் ஒழுங்காகப் பத்து விநாடிக்கு ஒன்று கிளம்புகிறது, ஆனால் போகும் முகவரி பழைய ஐபி! விசென்டரின் பொது அமைப்புகளில், ரன்டைம் செட்டிங்ஸில், 'மேனேஜ்டு அட்ரஸ்' என்ற இடத்தில் எப்போதோ பதிந்த பழைய முகவரி அப்படியே கிடந்தது. ஒவ்வொரு முறை கனெக்ட் கொடுக்கும்போதும் விசென்டரே அதை ஹோஸ்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. மாற்றினேன், டிஸ்கனெக்ட் செய்து மறுபடி கனெக்ட் கொடுத்தேன், காத்திருந்தேன். ஒரு நிமிடத்தில் மறுபடி விழுந்தது.

அந்த இடத்தில் செய்த திருத்தத்தையே பழையபடி மாற்றிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. நல்லவேளையாக டிசிபிடம்ப் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது: இப்போது பாக்கெட் புது முகவரிக்குத்தான் போகிறது. விசென்டர் பக்கமும் அதையே ஓடவிட்டேன், அங்கே ஒன்றும் வந்து சேரவில்லை. ஆக, பழுது ஒன்றல்ல, இரண்டு. நடுவில் இருக்கும் பயர்வாலில் 902-க்கு டிசிபி மட்டும் திறந்திருந்தார்கள், அதுவும் விசென்டரிலிருந்து ஹோஸ்டுக்கு மட்டும். இதை, போர்ட் திறந்திருக்கிறதா என்று சோதிக்கும் என்சி கட்டளையால் கண்டுபிடிக்கலாம் என்று நினைக்காதீர்கள். யுடிபிக்குப் பதில் வரவேண்டும் என்ற கட்டாயம் இல்லை, அதனால் பாக்கெட் வழியில் தடுக்கப்பட்டாலும் 'சக்சீடட்' என்றே அது சொல்லக்கூடும். இரண்டு முனையிலும் பாக்கெட்டைக் கண்ணால் பார்ப்பதுதான் நம்பகமான வழி.

நெட்வொர்க் குழுவிடம் இரண்டு முனைகளிலும் எடுத்த பதிவுகளை அனுப்பி, ஹோஸ்ட்களிலிருந்து விசென்டருக்கு யுடிபி 902 வேண்டும் என்று கேட்டேன். ஆதாரம் கையில் இருந்ததால் வாக்குவாதமே இல்லை, விதி சேர்ந்துவிட்டது. ஒரு ஹோஸ்டை இணைத்துவிட்டுக் கடிகாரத்தோடு உட்கார்ந்தேன். ஒரு நிமிடம், இரண்டு, பத்து. விழவில்லை. மற்ற ஐந்தையும் இணைத்தேன்.

பேக்கப் அன்று இரவே ஓடியது. கடைசி மெஷின் முடியும்வரை எழுந்து போக எனக்கு மனசு வரவில்லை.