புள்ளி எங்கே வரும்?

இன்று பார்த்த ஓர் ஆய்வேட்டு வரைவில் ஒரே வாக்கியத்துக்கு இரண்டு முற்றுப்புள்ளி. மேற்கோளுக்குள் ஒன்று, அடைப்புக்குறி முடிந்ததும் இன்னொன்று.

ஆய்வெழுத்துக்கான நடைவிதிகளான ஏபிஏ (APA), எம்எல்ஏ (MLA) இரண்டிலும் வரிசை ஒன்றுதான். மேற்கோள்குறியை மூடு, அடைப்புக்குறிக்குள் சான்று (எங்கிருந்து எடுத்தது என்ற குறிப்பு), அதன் பிறகே புள்ளி. ஏபிஏவில் இப்படி:

"மழை பொய்த்தது" (ஆசிரியர், 2019, ப. 45).

மூலத்தில் இருந்த கடைசிப் புள்ளியை எடுத்துவிட வேண்டும். சான்றும் அந்த வாக்கியத்தின் உறுப்புதானே.

கேள்விக்குறி கதை வேறு. மூல ஆசிரியரே கேட்டிருந்தால் அது உள்ளேயே இருக்கும். சான்றுக்குப் பின் புள்ளியும் வரும்.

"மழை ஏன் பொய்த்தது?" (ஆசிரியர், 2019, ப. 45).

கண்ணை உறுத்தும். ஆனாலும் அதுதான் சரி.

கேள்வி நம்முடையதென்றால் சான்றுக்குப் பின் கேள்விக்குறி மட்டும்.

அதிகம் தடுமாறுவது நீண்ட மேற்கோளில்தான். ஏபிஏவில் 40 சொல்லைத் தொட்டாலே தனிப் பத்தி, அரை அங்குலம் உள்தள்ளி, மேற்கோள்குறி இல்லாமல். (எம்எல்ஏவில் உரைநடை நான்கு வரியைத் தாண்டினால்.) அங்கே வரிசை தலைகீழ்: முதலில் புள்ளி, பிறகு சான்று, அதன்பின் ஒன்றுமில்லை.

சமர்ப்பிக்குமுன் வேர்டில் புள்ளி, மேற்கோள்குறி, இடைவெளி, அடைப்புக்குறி என்று அடுத்தடுத்து வரும் இடங்களைத் தேடிப் பாருங்கள். பாதிப் பிழை அங்கேயே சிக்கும்.