பூசைக் கருத்து நோட்டு

கத்தோலிக்கக் கோயிலின் பங்கு அலுவலகத்தில் கணக்கு எழுதப் போனால் பக்தி கூடும் என்று அம்மா நம்பினாள். கூடத்தான் செய்தது. சாமியார்கள் மேல், அதாவது பாதிரியார்கள் மேல், இருந்த பக்திதான் குறைந்துபோனது.

பங்கு என்றால் ஒரு சாமியாரின் பொறுப்பில் இருக்கும் கோயிலும் அதன் மக்களும். எங்களுடையது தெற்கே ஒரு கடற்கரைப் பங்கு. ஞானஸ்நானம், திருமணம், இறப்புப் பதிவேடுகளோடு பூசைக் கருத்து நோட்டும் என் பொறுப்பு. யாருக்காகப் பூசை (திருப்பலி), எவ்வளவு காணிக்கை, பூசை வைத்தாயிற்றா என்று அதில் எழுத வேண்டும். 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் இந்த நோட்டைக் கட்டாயமாக்கியிருக்கிறது. ஆயரோ (பிஷப்) அவர் அனுப்பும் ஆளோ ஆண்டுதோறும் அதைப் பார்க்க வேண்டும். தனித்தனியாகக் காணிக்கை வாங்கினால் தனித்தனியாகப் பூசை வைக்க வேண்டும் என்பது பொது விதி. கொடுத்தவர்கள் சம்மதித்தால் சேர்த்து வைக்கலாம்; அதுவும் வாரத்துக்கு இரண்டு நாளுக்கு மேல் கூடாது என்று 1991-இல் ரோமையிலிருந்து ஆணை வந்தது; 2025-இல் புது ஆணை வரும்வரை அதுதான் விதி. எங்கள் பங்கில் அப்போதும் வாரம் முழுக்க இப்படிச் சேர்த்து வைக்கும் கூட்டுப் பூசைதான். இறந்தவர்களை நினைக்கும் மாதமான நவம்பரில் சாமியார் இறந்தவர்கள் பெயரை வாசிப்பது ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி இருக்கும்.

மீன் விற்கும் பாட்டி ஒருத்தி மாதம் தவறாமல் வருவாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து, ஈரநோட்டுகளை நீவி மேசையில் வைப்பாள். செதில் ஒட்டியிருக்கும். "மவன் பேரைத் தெளிவா எழுதும்மா" என்பாள். "சேசுவுக்குத் தெரியாதா பாட்டி?" என்று ஒருநாள் கேட்டேன். "அவருக்குத் தெரியும். சாமியாருக்குத் தெரியணுமில்ல?"

இறையியல் படித்தவர்கள் இதைவிடத் தெளிவாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

கோயில் வரி பாக்கி என்று ஒரு பெண்ணின் ஞானஸ்நானச் சான்றிதழை நிறுத்திவைத்தபோதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கல்யாணத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது. தகப்பனுக்கோ தொழில் இல்லை. வறுமையைக் காரணம் காட்டி யாருக்கும் ஞானஸ்நானம், திருமணம் போன்ற அருட்சாதனம் கிடைக்காமல் போகக் கூடாது என்று அதே திருச்சபைச் சட்டத்தின் 848-ஆம் பிரிவு சொல்கிறது. அந்தப் பக்கத்தைத் திறந்து சாமியாரிடம் நீட்டினேன். "எனக்கே சட்டமா?" என்றார். புத்தகம் அவருடைய அலமாரியிலிருந்து எடுத்ததுதான். பங்கு மக்களின் பிரதிநிதிகள் கூடும் பங்குப் பேரவையில் முறையிடலாமென்றால் அதற்குத் தலைவரும் அவரே. பேரவை ஆலோசனை சொல்லலாம், அவ்வளவுதான். நிதிக்குழு திருவிழாவுக்குத் திருவிழா கூடிக் கையெழுத்துப் போட்டுக் கலையும். கடைசியில் பாக்கியைக் கட்டியது அன்பியத்துப் பெண்கள், அக்கம்பக்கக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் குழுக்காரர்கள்.

அப்புறம் எதற்குப் பூசைக்குப் போகிறாய் என்று கேட்கிறார்கள். பூசை வைப்பவரின் யோக்கியதையால் அருட்சாதனம் கெடுவதில்லை என்று வட ஆப்பிரிக்காவில் புனித அகுஸ்தினார் அன்றே வாதாடியிருக்கிறார். எனக்கு அது பெரிய ஆறுதல். சாமியார்களுக்கும் ரொம்ப வசதி என்பதையும் சொல்லிவிட வேண்டும். செபமாலை விடாமல் சொல்கிறேன், பூசையில் நன்மை (திருவிருந்து அப்பம்) வாங்குகிறேன். கணக்கென்று வந்தால் மட்டும் அங்கி போட்டவர் சொல்லை ரசீது இல்லாமல் நம்புவதில்லை.

பழைய சாமியார் மாற்றலாகிப் போய்ப் புதுச் சாமியார் வந்திருக்கிறார், நல்ல மாதிரி. பூசை நோட்டைப் பார்வையிட ஆள் அனுப்பும்படி ஆயர் இல்லத்துக்கு ஒரு கடிதம் எழுதி அவரிடம் கையெழுத்துக்கு நீட்டினேன். "இதையெல்லாம் யாரும்மா பார்க்கிறாங்க?" என்று சிரித்தார். கடிதம் அவர் மேசையில்தான் இருக்கிறது. திங்கட்கிழமை மறுபடி கேட்க வேண்டும்.