காறை எலும்பின் மேல் டாட்டூ

கழுத்தடியிலிருந்து தோள்வரை ஓடும் காறை எலும்பின் மேல் டாட்டூ குத்துவது பற்றித் தண்டையார்பேட்டைத் தம்பிமார் சிலர் கேட்டதால் எழுதுகிறேன். காறை எலும்பின் மேல் சதையும் கொழுப்பும் குறைவாக இருப்பதால், அங்கே டாட்டூ குத்தும்போது புஜத்தைவிட வலி கூடுதலாகவே இருக்கும்.

எலும்பின் சாய்வோடு ஓடும் ஒற்றை வரியே ஆண்களின் அகன்ற தோளுக்குப் பொருந்தும் என்பது என் எண்ணம். (காதலியின் பெயரைப் பற்றி நான் வாய் திறக்கப்போவதில்லை.) தமிழ் எழுத்தென்றால் சற்றுப் பெரிதாகவே போடச் சொல்லுங்கள், மை ஆண்டுக்கணக்கில் தோலுக்குள் மெல்லப் பரவும்போது ‘ண’வின் சுழிகள் அடைபட்டு, மெய்யெழுத்தின் புள்ளி மச்சம் போல ஆகிவிடும். மாதிரியைத் தோலில் ஒட்டியதும் எழுந்து நின்று, கையைத் தூக்கி இறக்கிக் கண்ணாடியில் பார்த்த பிறகே சம்மதியுங்கள். படுத்திருக்கையில் நேராகத் தெரிந்த வரி நிற்கையில் கோணலாகலாம். ஊசியின் உறையை உங்கள் கண்முன்னே பிரிக்க வேண்டும். ராணுவத்துக்குத் தயாராகிறவர்கள் ஆள்சேர்ப்பு விதியை முதலில் படியுங்கள்; முன்கையின் உட்புறம், புறங்கை தவிர மற்ற இடங்களில் உள்ள நிரந்தர டாட்டூவைப் பொதுவாக ஏற்பதில்லை.

மேல்தோல் ஆற 2 முதல் 4 வாரங்கள் ஆகும். மென்மையான சோப்பால் கழுவி, ஒற்றித் துடைத்து, களிம்பை மெல்லிதாகத் தடவுங்கள்; பொருக்கைப் பிய்க்காதீர்கள். கழுத்துச் சங்கிலியைக் கழற்றிவைத்து, டெலிவரிப் பையின் பட்டையை மறு தோளுக்கு மாற்றுங்கள். காசிமேட்டுக் கடலில் இறங்குவதைத் தோல் ஆறும்வரை தள்ளிப்போடுங்கள். சிவப்பு பரவினாலோ, சீழோ காய்ச்சலோ வந்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள். ரத்த தானத்துக்கு 12 மாதங்கள் காத்திருக்க வேண்டும்.