குன்னூர் குளிருக்கு ஒரு ஏர் ரைஃபிள்

மூன்று மாதம் யோசித்து, போன வாரம்தான் வாங்கினேன். முதலில் ஆசைப்பட்டது 12 கிராம் கார்பன் டை ஆக்சைடு குப்பி போடும் ரகம். கைக்கு வலியில்லை. ஆனால் குன்னூரின் ஜனவரிக் காலையில் குப்பியின் அழுத்தம் இறங்கிவிடும். நண்பனுடையதில் சுட்டபோது குண்டு இரண்டு விரல் கீழே போனது. குப்பிச் செலவு வேறு.

சரி என்று கேஸ் ராம் எடுத்தேன். ஸ்பிரிங்குக்குப் பதில் உள்ளே அடைத்த நைட்ரஜன்; ஒவ்வொரு குண்டுக்கும் குழலை மடக்கி அதை அழுத்த வேண்டும். குழலை மடக்கி மடக்கி முதல் நாளே தோள் கழன்றுவிட்டது. குழல் அளவு 0.177 அங்குலம், குண்டு வெளிவரும் ஆற்றல் 20 ஜூலுக்குள் என்பதால் இந்தியாவில் லைசென்ஸ் வேண்டாம். இறுக்கிப் பிடித்தால் குறி தப்புகிறது. உள்ளங்கையில் சும்மா கிடத்தினால் 10 மீட்டரில் ஐந்து குண்டும் ஒரு ரூபாய் நாணயத்துக்குள். குறிப்பலகைக்குப் பின்னால் மணல் மூட்டை அடுக்கியிருக்கிறேன். பக்கத்து வீட்டுக் கோழிகளுக்குத்தான் இன்னும் நம்பிக்கை வரவில்லை.