ஒன்பது வருஷ நேர்ச்சை

சின்னவ பொறந்தப்போ ஒன்னே கால் கிலோதான் இருந்தா. கண்ணாடிப் பெட்டிக்குள்ள கெடந்தவளப் பாத்துட்டு அம்மா ஆஸ்பத்திரி வராண்டாவுலயே நேந்துக்கிட்டாங்க, "வேளாங்கண்ணி மாதாவே இவள எங்க கையில குடு, இவ அப்பன தஞ்சாவூர்ல இருந்து ஒங்கோயிலுக்கு நடக்க வெக்கிறேன்"னு. என்ன ஒரு வார்த்த கேக்கல, நேந்தது அவங்க, நடக்கறது நானு! மாதா குடுத்துட்டாங்க, நான்தான் லீவு இல்ல லீவு இல்லன்னு ஒன்பது வருஷம் இழுத்தடிச்சேன். இந்த மே மாசம் கம்பெனியில எங்க டீமையே வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. அம்மா கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "பாத்தியாடா, மாதாவே லீவு போட்டுக் குடுத்துட்டாங்க"ன்னாங்க.

ஆகஸ்ட் 29 கொடியேத்தத்துக்குப் போய்ச் சேரணும்னு 26 விடியக்காலமே கிளம்பியாச்சு. காவி வேட்டி, தள்ளுவண்டியில மாதா சுரூபம், ஸ்பீக்கர், 14 பேரு. முத நாள் அம்மாபேட்ட தாண்டுற வரைக்கும் பாட்டும் பேச்சுமா போச்சு. ரெண்டாம் நாள் நீடாமங்கலம் ரயில்வே கேட் வழக்கம்போல சாத்திக் கெடந்துச்சு, வண்டிக்காரங்க எல்லாம் சலிச்சுக்கிறாங்க, நாங்க மட்டும்தான் அப்பாடான்னு ரோட்டோரமா ஒக்காந்தோம். ஜெபமால உருட்டுறேன்னு பேரு, மனசு பூரா இஎம்ஐ கணக்கு. ஒரு அருள் நிறைந்த மரியேக்கும் அடுத்ததுக்கும் நடுவுல ஸ்கூல் பீஸ் வந்து நிக்கும்.

கொரடாச்சேரி தாண்டி ஒரு வாய்க்கா ஓரம், கால் கொப்புளத்த ஊக்கால குத்தி விடலாம்னு ஒக்காந்தேன். எதுத்தாப்புல ஒத்தப் பனமரம், ஓலையில ஏழெட்டு தூக்கணாங்குருவிக் கூடு தொங்குது. அதுல ஒன்னு பாதிதான் முடிஞ்சிருக்கு, ஹெல்மெட்ட கவுத்து மாட்டி விட்ட மாதிரி. மஞ்சத் தல ஆண்குருவி ஒன்னு பக்கத்து குறுவ வயலுக்குப் போகுது, நெல்லுத் தாள்ல ஓரமா ஒரு கொத்து கொத்தி நாரா கிழிச்சு, தன்னவிட நீளமான பச்ச நார இழுத்துக்கிட்டுப் பறந்து வருது, தலகீழா தொங்கிக்கிட்டே கோர்க்குது. நடுவுல பெண்குருவி ஒன்னு வந்து உள்ள நொழஞ்சு பாத்துச்சு, பிடிக்கல போல, போயிடுச்சு. இது ஒரு நிமிஷம் ரெக்கைய அடிச்சுக் கத்திட்டு திரும்ப வயலுக்குப் போயிடுச்சு.

வானத்துப் பறவைகளப் பாருங்க, வெதைக்கல அறுக்கலன்னு ஆண்டவர் சொன்னத, வேல போனதுல இருந்து எத்தன பேரு எனக்கு வாட்ஸ்அப்ல அனுப்பியிருப்பாங்க தெரியுமா. எனக்கு எரிச்சல்தான் வரும், குருவிக்கு என்ன ஹவுசிங் லோனா இருக்குன்னு. ஆனா இந்தக் குருவி சும்மா ஒக்காந்து திங்கலயே. வெதச்சது எவரோ, தண்ணி மேட்டூர்ல இருந்து வருது, அந்த நாரு மட்டும் இதுக்குன்னு அங்க நிக்குது, இது போய் எடுத்துக்குது, அவ்வளவுதான். பாருங்கன்னுதானே சொன்னாரு, நாப்பத்திரெண்டு வருஷமா பூசையில நான் கேட்டுக்கிட்டுதான இருந்திருக்கேன், ஒரு நாளும் பாக்கல. கண்ணு கலங்கிப் போச்சு, பக்கத்துல இருந்தவர் கொப்புளம் வலிக்குதான்னாரு, ஆமான்னுட்டேன்.

அப்பதான் எதுத்த வீட்டுப் பாட்டி ஒருத்தர், நெத்தி நெறைய திருநீறு, சொம்போட மோர் கொண்டாந்தாங்க. "குடிப்பா, மாதாவுக்குப் போறவங்களுக்கு நான் வருஷா வருஷம் குடுக்கறதுதான்"னாங்க. வேளாங்கண்ணி நடுத்திட்டுல மாதா தன் பிள்ளைக்கு மோர் கேட்டதும் குடுத்தானாமே ஒரு நொண்டிப் பையன், அந்த மோர்க்காரப் பையன் நெனப்பு வராம இருக்குமா.

வேளாங்கண்ணியில கூட்டத்தப் பத்திக் கேக்காதீங்க. கால் வெச்சதும் நாலு பேரு லாட்ஜ் லாட்ஜ்னு கையப் புடிச்சு இழுக்கிறான், ஒரு ராத்திரிக்கு ஐயாயிரமாம், போய்யான்னு கடற்கர மணல்லயே துண்ட விரிச்சுட்டேன். மெழுகுவத்தி விக்கறவன் வேணாம் வேணாம்னாலும் கையில திணிச்சுட்டு காசு கேட்டு பின்னாடியே வர்றான். சரி விடுங்க.

வீட்டுக்காரியும் பிள்ளைகளும் பஸ்ல வந்துட்டாங்க. மாதா குளத்து மணல் பாதையில நான் முட்டி போட்டுப் போக, சின்னவ பக்கத்துலயே தண்ணி பாட்டிலோட வந்தா, "அப்பா இன்னும் கொஞ்சந்தான், இன்னும் கொஞ்சந்தான்"னு பொய் சொல்லிக்கிட்டே. கோயிலுக்குள்ள வரிசையில நெருக்கித் தள்ளுறாங்க, நகருங்க நகருங்கன்னு சத்தம் வேற. கேக்க வேண்டியத எல்லாம் வழியெல்லாம் மனப்பாடம் பண்ணி வெச்சிருந்தேன், வேல, சம்பளம், எந்த ஊரு வரைக்கும். மாதா மொகத்தப் பாத்ததும் ஒன்னும் வரல. சின்னவ சட்டையப் புடிச்சு இழுத்து, "அப்பா எனக்குத் தெரியல, தூக்கு"ன்னா. ஒன்பது வயசுப் பிள்ள, 26 கிலோ. தூக்கினேன். இடுப்பு புடிச்சுக்கிச்சு. மாதாவே இந்தா பாரு, இந்தா பாருன்னு அது மட்டுந்தான் வாயில வந்துச்சு, திரும்பத் திரும்ப, பின்னாடி இருந்தவங்க தள்ளி வெளிய விடுற வரைக்கும்.

வேல இன்னும் கெடைக்கல. போன வாரம் ரெண்டு எடத்துல இன்டர்வியூ பண்ணிட்டு வேணாம்னுட்டாங்க. திங்கக்கிழம இன்னொன்னு இருக்கு.