பத்து ரூபாய் கார்டு

பாளையங்கோட்டையில் என் கடையில் ஃபிளெக்ஸ், கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி எல்லாம் அடித்துத் தருவோம். இரண்டு மூன்று வருஷமாகக் கூடவே ஃபோட்டோகார்டும். கொரியப் பாட்டுக் குழுக்காரர்களின் படத்தை ஐந்தரைக்கு எட்டரை சென்டிமீட்டரில், 300 ஜிஎஸ்எம் கனமுள்ள போர்டில் அடித்து, லேமினேஷன் போட்டு, நான்கு மூலையையும் வளைவாக வெட்ட வேண்டும். மூலை ஒரு நூல் பிசகினாலும் என் மகள் திருப்பிக் கொடுத்துவிடுவாள். ஆர்டர் பிடிப்பதும் அவள்தான். கூடப் படிக்கும் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் வாடிக்கை. கார்டு பத்து ரூபாய்.

2024 பிப்ரவரி கடைசியில் ஏஸ்பா குழுவின் கரீனா படம் இருபது கேட்டிருந்தார்கள். ஷீட் அடித்தாயிற்று, வெட்டவில்லை. அதற்குள் கரீனாவும் நடிகர் லீ ஜே-உக்கும் காதலிக்கிறார்கள் என்று செய்தி வந்துவிட்டது. ராத்திரி சாப்பிடும்போது மகள் மெதுவாக, "அப்பா, ஒருத்தி கார்டு வேண்டாங்கிறா" என்றாள். ஏனாம்? "கரீனா ஏமாத்திட்டாளாம்."

கரீனாவுக்கு அப்போது 23 வயது. சியோலில் அவருடைய கம்பெனி வாசலில் ரசிகர்கள் ஒரு லாரியைக் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறார்கள். நாங்கள் கொடுத்த அன்பு போதவில்லையா, மன்னிப்புக் கேள், இல்லாவிட்டால் ஆல்பம் விற்காது, கச்சேரியில் நாற்காலி காலியாகக் கிடக்கும் என்று அதன் எல்இடி போர்டில் வாசகம் ஓடியதாம். வண்டி வாடகை, போர்டு வாடகை யார் கொடுத்திருப்பார்கள் என்றுதான் எனக்கு முதலில் கணக்கு ஓடியது. தொழில் புத்தி. மார்ச் 5-ஆம் தேதி, ரசிகர்களைத் திடுக்கிட வைத்ததற்கு மன்னிக்கச் சொல்லிக் கைப்பட ஒரு கடிதம் எழுதி இன்ஸ்டாகிராமில் போட்டார் கரீனா. பிளஸ் ஒன் பரீட்சைக்குப் படிப்பதை விட்டுவிட்டு மகள் அதைக் கொண்டுவந்து காட்டினாள்.

"எதுக்கு மன்னிப்பு? அந்தப் பிள்ளை யார் குடியைக் கெடுத்தது?" என்றேன்.

"உங்களுக்குப் புரியாதுப்பா."

அவளிடம் சொல்லவில்லை, எனக்கு நன்றாகவே புரியும். பிளஸ் டூ படிக்கையில் என் டிரங்குப் பெட்டி மூடியின் உள்பக்கம் ஒரு நடிகையின் நடுப்பக்கப் படத்தை ஒட்டி வைத்திருந்தேன். அவருக்குக் கல்யாணம் என்று பேப்பரில் வந்த அன்று பிளேடை எடுத்து முகத்தைச் சுரண்டினேன். மைதா பசை, லேசில் விடாது. முகம் போய்க் கழுத்துக்குக் கீழே பட்டுப்புடவை மட்டும் மிச்சமாக நின்றது. அந்தப் பெட்டி இன்னும் பரணில் கிடக்கிறது. என்னைக் கேட்காமல் அவர் எப்படிக் கல்யாணம் செய்யலாம் என்று நிஜமாகவே கோபம் எனக்கு. லாரிக்குக் காசு இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஜப்பான் கதையையும் மகள்தான் சொன்னாள். 2013-ல் ஏகேபி48 என்ற பெண்கள் பாட்டுக் குழுவின் மினேகிஷி மினாமி காதலன் வீட்டில் இரவு தங்கியதை ஒரு வார இதழ் போட்டுவிட்டது. அந்த இருபது வயதுப் பெண் தலையை மொட்டையடித்துக்கொண்டு, அழுதபடி கேமரா முன்னால் மன்னிப்புக் கேட்டார். குழுவிலும் பயிற்சிக்காரப் பெண்ணாகக் கீழே இறக்கிவிட்டார்கள். மொட்டை என்றால் எனக்குத் திருச்செந்தூர்தான் தெரியும். ஏதோ வேண்டுதல், நல்லது நடந்திருக்கும். இதைக் கேட்டு வயிற்றைப் பிசைந்தது.

இந்தக் கம்பெனிகள் பாட்டோடு சேர்த்து, 'இவள் உன்னுடையவள்' என்ற நினைப்பையும் விற்கின்றன. காசு கொடுத்தவர்கள் அதை நம்பிவிட்டு, பிறகு அந்தப் பிள்ளையிடமே கணக்குக் கேட்கிறார்கள். பெரிய நியாயவான் மாதிரி எழுதுகிறேன், அந்த நினைப்புக்கு மூலை வெட்டிக் கொடுத்து நானும்தான் பத்து ரூபாய் வாங்கினேன்.

ஏப்ரல் ஆரம்பத்தில் இருவரும் பிரிந்துவிட்டார்கள் என்று அறிவிப்பு வந்தது. அடுத்த வாரமே, அன்று வேண்டாம் என்ற பிள்ளை கடைக்கு வந்தாள்.

"அங்கிள், அந்தக் கரீனா கார்டு இருக்கா?"

இருந்தது, கட்டிங் மேட்டுக்கு அடியில்.

"பத்து ரூபாதானே?"

பன்னிரண்டு என்றேன்.