என் மகன் இப்போது சத்தியம் செய்வதில்லை

கொடைக்கானல் மலையில் இருக்கிற எங்கள் பூம்பாறையில் யாராவது குடியை விட வேண்டும் என்றால், குழந்தை வேலப்பர் முன்னால் சத்தியம் வாங்குவார்கள். போகர் நவபாஷாணத்தில் செய்த சிலை என்று நாங்கள் நம்புகிற சாமி. என் மகனும் சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்தான், கயிறு கட்டிக்கொண்டான். மனதாரத்தான் செய்தான். அந்தக் கயிறோடுதான் டாஸ்மாக் வாசலிலும் நின்றான். சாமிக்குக் கொடுத்த வாக்கை மீறிவிட்டோமே என்ற வேதனையில் இன்னும் அதிகமாகக் குடித்தான்.

கடைசியில் மலையிறங்கி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இங்கே ஒன்று சொல்ல வேண்டும். வருடக்கணக்கில் தினமும் குடித்தவரை வீட்டிலேயே அடைத்துவைத்துத் திடீரென்று நிறுத்தாதீர்கள். கை நடுக்கம் வரும், வலிப்பு வரலாம், இல்லாத ஆள் எதிரில் நிற்பதாகத் தோன்றலாம். உயிருக்கே ஆபத்து. டாக்டர் பார்வையில்தான் நிறுத்த வேண்டும்.

அப்புறம் ஏ.ஏ. கூட்டம். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்பதன் சுருக்கம்; குடியை விட நினைப்பவர்கள் ஒன்றுகூடி ஒருவருக்கொருவர் துணையாக இருக்கிற அமைப்பு. 1935-இல் அமெரிக்காவில் இரண்டு குடிநோயாளிகள் சேர்ந்து ஆரம்பித்தது. குடும்பத்தாரும் வரலாம் என்ற ஒரு கூட்டத்துக்கு நானும் போனேன். ஆயுசுக்கும் தொட மாட்டேன் என்று அங்கே யாரும் சபதம் போடவில்லை. இன்று ஒரு நாள் குடிக்காமல் இருப்போம், அவ்வளவுதான். இப்போது காலையில் கோயிலுக்குப் போனால் அவன் வேண்டுதலும் அதுதான்: “இன்னைக்குப் பார்த்துக்கோ முருகா.” நேர்ந்துகொள்வதில்லை, பேரம் பேசுவதில்லை. கும்பிட்டுவிட்டு நேராகத் தோட்டத்துக்கு வந்துவிடுகிறான். அவனுக்கு உண்மையான பக்தி இப்போதுதான் வந்திருக்கிறது என்பேன்.

குடியிலிருந்து மீள ஏ.ஏ.-வில் சொல்கிற பன்னிரண்டு படிகளில் ஒன்பதாவது, நாம் கெடுதல் செய்தவர்களிடம் போய் அதை ஈடுகட்டுவது. இந்த முறை வடுகபட்டிக்குப் பூண்டு கொண்டுபோனபோது கமிஷன் கடைக்காரரிடம் அவனே பேச்சை எடுத்தான்.

“அண்ணே, அப்பா கேட்டதா பொய் சொல்லி உங்ககிட்ட அட்வான்ஸ் வாங்கினேன். அத்தனையும் குடிச்சேன்.”

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். “அந்தக் கணக்கை நான் எப்பவோ அடிச்சுட்டேன்பா.”

“இல்லண்ணே, இன்னைக்குச் சீட்டுலயே கழிச்சுக்குங்க.” தொகை எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்துக் காட்டினான். அந்த விரல் நடுங்கவில்லை.

சுற்றிலும் வியாபாரிகள், மூட்டை தூக்குகிறவர்கள் எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இவன் என் பிள்ளை என்று அத்தனை பேரிடமும் சொல்ல வேண்டும் போல இருந்தது. ஊரில் வீடு கட்டிய மகனை, வெளிநாடு போன மகனைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிறார்கள். நான் இவனைப் பற்றிப் பேசுகிறேன்.

நேற்று பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு அம்மா வந்தார். தன் மகனையும் கூட்டத்துக்கு அழைத்துப் போகச் சொல்லிக் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் இரண்டு பேரும் கிளம்புகிறார்கள்.